இரைப்பைக்கு எத்தனை அறை

மனித உடம்புக்குள் இருப்பது எனக்குத் தெரியாது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். எங்கள் தீவின் சுரினாம் கிராமத்தில், எங்கள் காளியம்மன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாக்களை வெட்டியதும், வயிற்றைத் திறந்து சுத்தம் செய்வது என் பொறுப்பு. கல்லீரலிலிருந்து பித்தப்பையை உடையாமல் எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொன்னதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் ஆஸ்பத்திரியில் டிரெசர் தேர்வுக்குப் போய் நின்றேன். அதுவரை அங்கே வாளி தூக்கிக்கொண்டிருந்தேன். தேறினால் புண்ணுக்குக் கட்டுப் போடலாம், வெள்ளைக் கோட்டு மாட்டலாம். தேறாவிட்டால் மறுபடி வாளி. புத்தகம் பிரெஞ்சில் இருந்ததால் பாதிக்கு மேல் படம்தான் பார்த்தேன். மீதியைத்தான் கிடா சொல்லிக்கொடுத்திருக்கிறதே.

டாக்டர் எங்கள் தீவுப் பேச்சான கிரியோலில் கேட்டார்.

“இதயத்துக்கு எத்தனை அறை?”

“நாலு, டாக்டர்.”

“ரத்தம் எங்கே போய்க் காத்து வாங்குது?”

“நுரையீரல்ல. வாங்கிக்கிட்டு இதயத்துக்கே திரும்பி வந்து, அங்கிருந்து உடம்பெல்லாம் போகுது.”

தலையாட்டினார். “சரி. இரைப்பைக்கு எத்தனை அறை?”

“அதுக்கும் நாலுதான்.”

பேனா நின்றது. வியக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து விளக்கினேன்: முதலாவது துவாலை மாதிரிச் சொரசொரப்பு, இரண்டாவது தேன்கூடு, மூன்றாவது புத்தகத் தாள் மாதிரி மடிப்பு. நாலாவதற்கு வருமுன் எழுந்துவிட்டார்.

“வா. காட்டு.”

பிணவறையில் ஒரு பெரியவரின் உடல் திறந்திருந்தது. வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். எத்தனை வயிறு திறந்தவன் நான்! ஆனால் அந்த வயிறுகளின் மேலே முகம் இருந்ததில்லை. தலையை முதலிலேயே அம்மன் முன்னால் வைத்துவிடுவோம். இவருக்கு முகம் இருந்தது. அன்று காலைதான் மழித்த மாதிரி இருந்தது.

இரைப்பையைத் தொட்டேன். ஒரே பை. பின்னால் பார்த்தேன், குடலைத் தூக்கிப் பார்த்தேன். கிடாவில் பார்த்த மீதி மூன்றைக் காணோம். இடது பக்கம் இருக்கும் என்று நான் ஆயுசு முழுக்கத் தட்டிக் காட்டிய இதயம், நெஞ்சின் நடுவில் சற்றே சாய்ந்து கிடந்தது.

“நுரையீரலையாவது காட்டு,” என்றார் டாக்டர்.

அது தெரியும். கிடாவுக்குச் சீக்கு இருந்ததா என்று பார்க்க, மூச்சுக்குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பது எங்கள் வழக்கம். கை தானாகக் குழாயைப் பிடித்தது. வாயும் தானாகக் குனிந்தது.

டாக்டர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது. அவர் முகம் படுத்திருந்தவரைவிட வெளுத்திருந்தது. பிணவறைக் காவலாளி, எங்கள் கோயில் ஆள்தான், மெதுவாகச் சொன்னார்:

“விட்டுடு தம்பி. நீ ஊதினாலும் அவரு எழுந்திரிக்கமாட்டாரு.”

மறுநாள் வாளி எனக்காகக் காத்திருந்தது. அந்த வருடம் முழுக்க, சாப்பிடும்போதெல்லாம் என் வயிற்றைத் தடவி, ‘ஒன்று, ஒன்று’ என்று மனப்பாடம் செய்தேன். அடுத்த தேர்விலும் அதே டாக்டர்.

“இதயத்துக்கு எத்தனை அறை?”

“ஒண்ணு,” என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனேன். இந்த முறை நடுவில். உள்ளே நாலு அறையின் கதவையும் யாரோ ஒரே நேரத்தில் தட்டுவது போல அடித்துக்கொண்டது.

“நாலு,” என்றேன். “இரைப்பைதான் ஒண்ணு.”

பேனாவை எடுத்தார். வெள்ளைக் கோட்டு எனக்குச் சற்றுப் பெரிதாகத்தான் இருந்தது.