எர்த் குழிக்கு ஊற்றாத தண்ணீர்

என் கடையில் ஓடும், பிளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் மிஷினின் வலது மூடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு மாதுளம்பழத்தை அதில் உட்கார வைக்கலாம். சர்வீசுக்கு வருகிற ஆட்கள் எல்லாம், "டிங்கரிங் பண்ணிடலாம்க்கா, பாக்க அசிங்கமா இருக்குது" என்கிறார்கள். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிடுவேன். அது ஒரு மனிதனின் மண்டைக்குக் குறிவைத்து வீசிய ஸ்பேனரால் விழுந்த பள்ளம். வீசியவர் அப்போது இந்த மிஷினுக்குச் சொந்தக்காரரான என் முதலாளி. குனிந்து தப்பியவர் ஆபரேட்டர் அண்ணன். அந்த அடிக்குக் காரணம் நான். எழுதிவிட்டால் பாரம் குறையும் என்றெல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் எழுதுகிறேன்.

அப்போது கடை மத்திகிரியில் இருந்தது. கம்ப்யூட்டரில் பேனர் வடிவமைப்பது என் வேலை. முதலாளிக்குக் கைதான் முதலில் பேசும், வாய் பிறகுதான். ஷட்டர் சிக்கினால் உதைப்பார். ஸ்டேப்ளர் சிக்கினால் சுவரில் விட்டெறிவார். பேனரைக் கோணலாக ஒட்டிய ஒருவரை, வாடிக்கையாளர் எதிரிலேயே பளார் என்று அறைந்தார். அறைந்த பிறகு அவருக்கே டீ வாங்கிக் கொடுத்தார், அது வேறு கூத்து. மிஷினில் சத்தம் வந்தாலும் அடிதான். "இதுக்கு அடிதான் பாஷை" என்று கன்னடத்திலும் தமிழிலுமாகச் சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் நாலு குத்து விடுவார். சில தடவை அதற்கப்புறம் மிஷின் ஓடியும் தொலைக்கும். அதனால்தான் அவருக்கு அந்த நம்பிக்கை எலும்புவரை ஊறிவிட்டது.

ஆபரேட்டர் அண்ணன் நேர் எதிர். அவர் மிஷினைக் கேட்பார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். "பேரிங் நல்லாருக்குது, பெல்ட்டுதான் கத்துது" என்பார். பிரித்தால் பெல்ட்டாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வரும். "டாக்டரய்யா, மூச்ச இழுத்து விடச் சொல்லுங்க" என்று கிண்டல் செய்வேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைக்குப் பின்னால், மிஷினின் மின்கசிவை மண்ணுக்குள் இறக்க ஒரு எர்த் குழி உண்டு. உப்பும் கரியும் போட்டு, குழாய் இறக்கி, அதிலிருந்து மிஷினுக்குக் கம்பி போகும். தினமும் காலையில் ஒரு பக்கெட் உப்புத் தண்ணீர் அதில் ஊற்ற வேண்டும். கோடையில் குழி காய்ந்தால் மிஷினின் மூளை குழம்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அணையும், தானாக எழும். எழுந்ததும் மை தெளிக்கும் தலை எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் பாய்ந்துபோய் ஓரத்து இரும்பில் மோதும். காலையில் முதலில் வருகிற ஆள் நான் என்பதால் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. அந்த வருடம் நல்ல வெயில். லாரித் தண்ணீரை டிரம்மிலிருந்து மொண்டு, கல்லும் முள்ளும் கிடக்கிற பின்பக்கம் தூக்கிப் போக வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஊற்றவில்லை. சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை.

அன்றைக்குச் சானமாவுக் காட்டுப் பக்கத்து ஊர்க்காரர்கள் பேனருக்காகக் காத்திருந்தார்கள். யானைக்கூட்டம் இறங்கியிருந்தது. பொழுது சாய்வதற்குள் வழியெல்லாம் எச்சரிக்கை கட்டியாக வேண்டும். மதியம் பேனரில் பாதி யானை அச்சாகியிருக்கும்போது மிஷின் பொசுக்கென்று அணைந்தது. தானே எழுந்தது. தலை டமார் என்று இடதுபக்கம் போய் மோதியது. மறுபடி அணைந்தது, மறுபடி மோதியது. சுவரே அதிர்ந்தது. அண்ணன் ஸ்டெபிலைசரில் மீட்டர் வைத்துப் பார்த்தார், கரண்ட் சரியாக இருந்தது. ஜெனரேட்டருக்கு மாற்றிப் பார்த்தார். அதே டமார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "குழிக்குத் தண்ணி ஊத்துனியாம்மா?"

"ஊத்திட்டேண்ணா" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, பொய் அவ்வளவு சரளமாக வந்தது. அவர் நம்பினார். அப்படியென்றால் கோளாறு மிஷினுக்கு உள்ளேதான் என்று மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து, சர்க்யூட் கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். பாதி யானை, பிரித்துப் போட்ட மிஷின், வாசலில் கத்தும் ஊர்க்காரர்கள். அண்ணன் பர்கூர்ப் பக்கம் வேறு கடைக்குப் போகப் போவதாக முதலாளி காதில் ஏற்கெனவே யாரோ ஓதியிருந்தார்கள். "ஏன்டா, போறதுன்னா போயேன்டா! என் மிஷின கெடுத்துட்டுதான் போவியா?" என்று கத்திக்கொண்டே தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து வீசினார். அண்ணன் குனிந்தார். மூடி பிளந்த மாதிரி ஓர் ஓசை. ஸ்பேனர் எகிறி முதலாளியின் காலடியிலேயே வந்து விழ, அதையே மறுபடி எடுத்தார். "அண்ணா, உள்ளதான் கோளாறு, பாத்துக்கினே இருக்கன்" என்று அண்ணன் மிஷினைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கையின்மேல் இரண்டாவது அடி விழுந்தது. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. வெள்ளை பிளெக்ஸில் ரத்தம் சொட்டியதை மெஜந்தா மை என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது அடி தோளில்.

அய்யோ என்று அலறினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. 'நான் ஊற்றவில்லை' என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த அடி எனக்கு என்று பயந்தேன், அதுதான் உண்மை. ஊர்க்காரர்கள் ஓடிவந்து முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பின்பக்கம் ஓடினேன். மூன்று பக்கெட் தண்ணீரை, பாதியை என்மேலேயே கொட்டிக்கொண்டு குழியில் ஊற்றினேன். உறிஞ்சிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

திரும்பி வந்தபோது, "மூடுடா! ஓட்டுடா!" என்று முதலாளி உறுமிக்கொண்டிருந்தார். அண்ணன் உடைந்த கையை வயிற்றோடு அணைத்து, மறு கையால் கார்டுகளை மாட்டி, மூடியைச் சாத்தி, சுவிட்சைப் போட்டார். மிஷின் சத்தமில்லாமல் எழுந்தது. தலை பூனை மாதிரி நடந்துபோய்த் தன் இடத்தில் நின்றது. அச்சு ஓட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா? இதுக்கும் அடி வேணும், இவனுக்கும் அடி வேணும்" என்று முதலாளி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அண்ணன் மிஷினையே வெறித்துக்கொண்டிருந்தார், ஓடக் காரணம் ஒன்றும் இல்லாமல் அது ஓடுகிறதே என்று. பிறகு என்னைப் பார்த்தார். முழங்கால்வரை நனைந்திருந்த என் சுடிதாரைப் பார்த்தார். ஊர்க்காரர் ஒருவரின் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர் அப்புறம் கடைக்கு வரவேயில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை.

பிற்பாடு முதலாளி கிரானைட் தொழிலுக்குப் போனார். மிஷினை நான் வாங்கினேன். வேலைக்கு ஆள் இருந்தாலும் குழிக்குத் தண்ணீர் நான்தான் ஊற்றுகிறேன்.

போன மாதம் அண்ணன் வந்தார். மகள் கல்யாணத்துக்கு பேனர். தலை நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. கடை என்னுடையது என்று தெரியாமல் வந்துவிட்டார் போல, வாசலில் ஒரு கணம் தயங்கினார். நான் சேர் போட்டேன், டீ சொன்னேன், கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். அச்சு முடிகிறவரை மிஷினைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லா ஓடுது" என்றார்.

இதற்குமேல் முடியவில்லை. "அன்னிக்கு நான் தண்ணி ஊத்தலண்ணா. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்மா."

"என்னைத் திட்டவாச்சும் செய்ங்கண்ணா."

அவர் பேனரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அடிச்சவன் பைத்தியக்காரன். அவன எப்பவோ மறந்துட்டன். அடிச்சதாலதான் மிஷின் ஓடுச்சுன்னு ஊரே பேசுச்சு பாரு, அப்ப நீ அங்கதான நின்னுக்கினு இருந்த?"

கல்யாணத்துக்கு வா என்று சொல்லவில்லை. போகும்போது மிஷினருகே நின்று, மடங்காத விரல்களால் அந்தப் பள்ளத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். நேற்றும் ஒரு சர்வீஸ் ஆள் வந்து டிங்கரிங் பற்றிக் கேட்டான். அது என் கணக்கில் விழுந்த அடி, அப்படியே இருக்கட்டும் என்றேன்.