வாய் பிளந்த ஷூக்கள்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை. டென்னிஸ் கோர்ட்டைப் பெருக்குகிறவனுக்கு ஆட்டம் தெரிய வேண்டியதில்லை. யார் காலில் என்ன மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தாலே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். மலிவாக ஒரு ஜோடி வாங்கிப் போட்டு, அந்த வாரமே கட்டைவிரலை வெளியே பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வெட்கப்படாதீங்க, எல்லாம் நம்ம ஆட்கள்தான்.

என் பேர் சூசை, வேலை பார்ப்பது அம்பத்தூர் தாண்டி ஒரு குடியிருப்பில். அங்கே ஒரு சிமெண்ட் கோர்ட். ரொம்ப நாள் கெஞ்சிய பிறகு போன கோடையில்தான் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் காய்வதற்குள் சங்கச் செயலாளர் ராமநாதன் சார் வந்து நின்றார். அவர் கண்ணுக்கு அது கோர்ட்டாகவே தெரியாது, கார் நிறுத்துகிற இடமாகத்தான் தெரியும். "விஜயதசமி அன்னிக்கு வந்து பார்ப்பேன். ஷூ தேய்ச்ச கறுப்புக் கோடு ஒண்ணு இருந்தாலும் வலையைக் கழட்டிட்டு காரை விட்டுடுவோம்" என்றார். வலை போனால் என் வேலையும் போகும். நிற்கிற காருக்கு வலை இழுத்துக் கட்ட ஆள் எதற்கு?

ஆட வருகிறவர்களும் ஒன்றும் இல்லாதவர்கள் இல்லை. மட்டை வாங்க மவுண்ட் ரோடு வரை போவார்கள். ஷூ மட்டும் கரையான்சாவடி ரோட்டில் குவியலில் பொறுக்கியது.

கோட்டுக்குப் பின்னால் நின்ற சோல்

வின்சென்ட் தம்பி பேங்கில் இருக்கிறார். ஒருநாள் சர்வீஸ் போடத் துள்ளினார். பந்தை அடிக்கும் முன்னாலேயே இடது கால் கோட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் இடது ஷூவின் சோல் வரவில்லை, கோட்டுக்குப் பின்னாலேயே சமத்தாக நின்றுகொண்டது. முதல்நாள் ஷூவைக் கழுவி மொட்டை மாடி வெயிலில் வைத்தாராம், பசை இளகிவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் கால் உள்ளே வந்தது தப்பு, ஃபால்ட் என்றார்கள். வின்சென்ட்டின் ஜோடி கோதண்டம் அண்ணாத்தே. ஆவடியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், வேப்பம்பட்டு நிலத்தை விற்று இங்கே வீடு வாங்கியவர். அவர் ஷூவும் மலிவுதான், வாய்தான் ஒசத்தி. குனிந்து அந்தச் சோலைத் தொடாமல் காட்டினார். "ஷூ எங்க கீதுன்னு பாருப்பா. கோட்டுக்குப் பின்னாலதான கீது? உள்ள வந்தது வெறும் சாக்ஸு. சாக்ஸுக்கு எந்த ரூல்ல ஃபால்ட்டு போட்டு கீது, காட்டு."

கடைக்காரர் கொடுத்த உத்தரவாதம்

வின்சென்ட் அடுத்து வாங்கிய ஷூவுக்குள் காற்று நன்றாகப் போகும் என்று கடையில் சொன்னார்களாம். உண்மைதான். பக்கவாட்டில் கிழிந்து, காற்றோடு சுண்டுவிரலும் போய்வர ஆரம்பித்தது. சாட்சிக்கு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஷூவை வாங்கி, ஜுரக்காரனின் நாக்கைப் பார்க்கிற டாக்டர் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார். டப்பாவில் டென்னிஸ் ஷூ என்று போட்டிருக்கிறதே என்று வின்சென்ட் கேட்டார். "டென்னிஸ் ஷூதான் சார், யார் இல்லன்னா? போட்டுக்கினு மார்க்கெட்டுக்குப் போங்க, மாங்காடு கோயிலுக்குப் போங்க, ஒண்ணும் ஆவாது. இத்த மாட்டிக்கினு போய் யாராவது டென்னிஸ் ஆடுவாங்களா?"

டயர் வைத்தியம்

கோதண்டம் அண்ணாத்தேயின் ஷூ வேறு ரகம். அது கிழியாது, வழுக்கும். அடியில் இருந்த கோடுகள் எல்லாம் தேய்ந்து, தோசைக்கல் மாதிரி மழமழவென்று ஆகிவிட்டது. புதுசு வாங்குவார் என்று நினைத்தேன். அவர் பழைய ஸ்கூட்டர் டயரை வெட்டி, சோலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வந்தார். லேத் ஓட்டிய கை, அளவு கச்சிதம்.

வலைக்குப் பக்கத்தில் விழுந்த பந்துக்கு ஓடினார், பிரேக் போட்டார். கால் நின்றுவிட்டது. அந்தச் சேதி உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. துவைத்த வேட்டி மாதிரி வலைமேல் மடிந்து தொங்கினார். பின்னால் பச்சைப் பெயிண்டில் இரண்டு கறுப்புத் தடம், லாரி போன மாதிரி. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தொங்கியபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: "சூச, சும்மா சொல்லக்கூடாது, வண்டியில இருந்தப்போ கூட இது இப்டி நின்னதில்ல."

இருப்பதிலேயே மலிவு

சோப்புத் தூள், தேங்காய் நார், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கறுப்பு போவதற்கு முன்னால் பச்சை போக ஆரம்பித்தது. கோதண்டத்திடம் போய், "அண்ணாத்தே, வலை போச்சுன்னா என் பொழப்பும் போச்சு" என்றேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது. மறுநாள் வெறுங்காலோடு ஆட வந்தார்.

வெயில் ஏற ஏற அவர் கால்கள் தரையில் நிற்கவில்லை, மாற்றி மாற்றித் தூக்கினார். இத்தனை நாளில் இவ்வளவு சுறுசுறுப்பாக ஆடியதே இல்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். ஆட்டம் முடிந்து, பாதத்தை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு வின்சென்ட்டிடம் சொன்னார்: "இருக்கறதுலயே நல்ல மலிவு ஷூ இதான் நைனா. சூரியன் வந்தா மட்டும் செரியா வராது."

அதற்கடுத்த நாள் மறுபடியும் டயர்.

நல்ல நாள்

ஆயுத பூஜைக்கு மட்டைகள், வலைக் கம்பம், என் விளக்குமாறு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அன்றைக்கு யாரும் எதையும் தொடவில்லை. மறுநாள் விஜயதசமி. காலையிலேயே ராமநாதன் சார் மனைவியோடு வந்துவிட்டார். பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கிய புது ஷூ, தடிமனான கறுப்புச் சோல். நேரே போய் அந்த இரண்டு டயர் தடத்துக்குப் பக்கத்தில் நின்றார். "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் கோதண்டத்தைப் பார்த்தேன்.

கோதண்டம் தடத்தைப் பார்க்கவில்லை, சார் காலைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த மட்டையைக் குங்குமத்தோடு எடுத்து நீட்டினார். "சார், இன்னிக்கு எத்த தொடங்குனாலும் நல்லா வரும். நாளும் கெழமையுமா வந்து கீறீங்க. ஒரே ஒரு பந்து தொட்டுட்டு, அப்பால காரை வுடுங்க." சார் பின்வாங்கினார். கூட வந்த அம்மாதான் அதட்டினார்: "நல்ல நாள்ல வேண்டாம்னு சொல்லாதீங்க. தொட்டுட்டு வாங்க."

கோதண்டம் குழந்தைக்குப் போடுகிற மாதிரி மெதுவாகப் போட்டார். ஆனால் ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம், ஒன்று வலையடியில். ஒரு பந்து என்று வந்தவர் "இன்னொண்ணு போடுங்க, இன்னொண்ணு" என்று ஓடினார். ஓடிய இடமெல்லாம் பிரேக், பிரேக் போட்ட இடமெல்லாம் கறுப்பு. கடைசியில் எட்டி ஒரு பந்தைத் தட்டியபோது வலது ஷூ வாயைப் பிளந்து சோலைத் துப்பிவிட்டது. அம்மா சிரித்துச் சிரித்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கோதண்டம் ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "சார், இதுல எங்க கோடு எது, உங்க கோடு எதுன்னு நீங்களே காட்டிடுங்க. எங்களுத மட்டும் சூச அழிச்சிடுவான்." சார் தரையைப் பார்த்தார், ஒற்றை ஷூவைப் பார்த்தார், கையில் இருந்த மட்டையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். அதைக் கீழே வைக்கவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க?"

கார் பேச்சு அதோடு போச்சு. சார் நொண்டிக்கொண்டே லிஃப்ட் வரை போவதற்குள், கோதண்டம் அந்தச் சோலில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, புது வீட்டு வாசலில் பழைய செருப்பைத் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி கோர்ட் கேட்டில் எலுமிச்சை மிளகாய்க்குப் பக்கத்தில் கட்டினார். "கோர்ட்டு பொழைச்சிகிச்சி சூச, கண்ணு கிண்ணு பட்டுடப் போவுது."

மலிவு ஷூ எதற்கும் உதவாது என்று இனி நான் சொல்ல மாட்டேன், காலில் இருந்தபோது செய்யாத வேலையை அது கேட்டில் தொங்கிக்கொண்டு செய்கிறது.