விளையாட்டில் வந்த கரண்ட்

பர்மாவில், தின்கன்ஜூன் பகுதியில் எங்கள் கட்டடத்துக்குக் கரண்ட் வந்ததும் யாராவது "மீ லா பீ" என்று பர்மியத்தில் கத்திச் சொல்வார்கள். உடனே எல்லா வீட்டிலும் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள்.

அன்று மாலை கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடிய என் லினக்ஸ் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டு லினக்ஸில் ஓடாது என்று சொன்னவர்கள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ஒரு வாரமாக அடம்பிடித்த விளையாட்டு அன்று திறந்துகொண்டது. இருண்ட நகரத்தில் என் வீரன் ஒரு சுவிட்சைத் தட்டினான். தெருவெல்லாம் விளக்கு எரிந்தது.

என்னை மறந்து "மீ லா பீ" என்று கத்திவிட்டேன்.

மாடியிலும் கீழேயும் சுவிட்சுகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏச்சு கேட்டது. மோட்டாரைப் போட ஓடிய மனைவி திரும்பி வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"அந்த ஊர்ல தண்ணி வருதான்னு பாருங்க. நம்ம குடத்தையும் அங்கயே கொண்டு வச்சிடலாம்."