ஐம்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் அழுதவர்

ஐம்பத்தெட்டு மீட்டர். புதிதாக எழும்பும் அந்த மருத்துவமனைக் கட்டடத்தின் பக்கத்தில் நிற்கிற கிரேனில், ஆபரேட்டர் உட்காரும் கேபின் தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. போக ஒரே வழி, இரும்பு ஏணி. பழகிய ஆள் கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேருவார். பழகாத ஆள் பாதியிலேயே புத்தி தெளிந்து இறங்கிவிடுவார்.

மேலே ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் கைப்பிடி, காலடியில் கண்ணாடி. காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவது. அதனால் சாப்பாட்டு டப்பா, குடிக்க ஒரு பாட்டில், மற்றதற்கு ஒரு பாட்டில் என்று எல்லாமே கூடப் போகும். இரண்டாவது பாட்டிலில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். "டேப்பைப் பாத்துட்டுக் குடிங்கண்ணே" என்பது அந்த சைட்டில் புளித்துப்போன ஜோக்.

அந்த நாற்காலியில் இருந்தவருக்கு வயது நாற்பத்தெட்டு. சைட்டில் எல்லோருக்கும் அவர் மேலண்ணன். மேலேயே இருப்பதால் வந்த பெயர். அவருடைய முகத்தைப் பலர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. குரல்தான் தெரியும். "சரி." "இறக்குறேன்." "தள்ளி நில்லு." வாக்கிடாக்கியில் இவ்வளவுதான் பேசுவார். ஆனால் அவர் கம்பிக் கட்டை இறக்கி வைத்தால் புழுதிகூட எழும்பாது.

கீழே நின்று அவருக்கு வழி சொல்பவர் சிக்னல்காரர். மேலே இருப்பவருக்குத் தெரியாத மூலை முடுக்குக்கெல்லாம் இவர்தான் கண். இரண்டு பேரும் ஒன்பது வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். சேர்ந்து டீ குடித்தது மட்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போன வருடம் ஒரு புதன்கிழமை, கொக்கியில் ஒரு இரும்பு உத்தரம் தொங்கிக்கொண்டிருந்தபோது மேலண்ணனின் போன் அடித்தது. மச்சினன். பையனின் பைக், ஒரு லாரி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே. ஒரே பிள்ளை. பத்தொன்பது வயது.

மேலண்ணன் போனை வைத்தார். "எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லு, வைக்கிறேன்" என்றார். உத்தரம் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. கொக்கியைக் கழற்றும்வரை காத்திருந்தார். காலிக் கொக்கியை மேலே இழுத்துப் பூட்டினார்.

"நான் இறங்குறேன்."

"என்னண்ணே, வயிறு சரியில்லையா?" என்றார் சிக்னல்காரர்.

"பையன் போயிட்டான்."

ஏணியில் அழ முடியாது. இரண்டு கையும் கம்பியில் இருக்க வேண்டும், அடுத்த படி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தரைக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே எல்லாம் மூடிக்கொண்டது.

வீட்டில் ஊரே அவர் அழுவதற்காகக் காத்திருந்தது. மச்சினன் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அழுதுடுங்க மச்சான், உள்ள வச்சுக்காதீங்க" என்று குலுங்கினான். இவர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பெரியப்பா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஆம்பளைன்னா இவன்தான்யா. எப்படி நிக்கிறான் பாரு" என்றார். உள் அறையில் ஒரு பெண்ணின் குரல், "பெத்தவன்தானா இவன்? கல்லு" என்றது. இரண்டுமே அவர் காதில் விழுந்தன. இரண்டுக்கும் அவர் ஒன்றும் செய்யவில்லை.

மேலண்ணனின் அப்பா கைநீட்டும் ஆள் இல்லை. பிள்ளைகள் அழுதால் வாசல் கதவைத் திறந்து பிடிப்பார். "முடிச்சிட்டு உள்ள வா." அவ்வளவுதான். முழங்கால் உடைந்தபோதும் அதே. அம்மா இறந்த அன்றும் அதே. சிறுவனாக இருந்த மேலண்ணன் வெளியே தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று முடிப்பான், முகம் கழுவுவான், உள்ளே வருவான். அது உடம்பில் ஊறிப்போனது. நெஞ்சு முட்டினால் கால் தானாக வாசலைத் தேடும்.

அதனால்தான் மனைவி அழ ஆரம்பித்தால் அவர் ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போய்விடுவார். அவள் துணிக் கம்பெனியில் காலர் தைப்பவள். வேலையில் அடக்கிக்கொண்டு வந்து வீட்டில் அழுவாள். காலையில் ஒரு தடவை, விளக்குப் போடும் நேரத்தில் ஒரு தடவை. பையனின் போன் சார்ஜர் சுவரில் செருகியபடியே இருந்தது. ஸ்விட்சைக்கூட அணைக்க விடமாட்டாள்.

"எங்க போறீங்க?"

"சும்மா."

"நான் அழறப்பல்லாம் உங்களுக்கு வெளிய என்ன அப்படி வேலை?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் உங்களுக்கு யாரு? பக்கத்து வீட்டுப் பையனா?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார். ஒரு வருடம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் அவள் அழாமல், காலருக்கு அளவு சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா வரச் சொல்றா. இந்த மாசக் கடைசியில போறேன். போனா வரமாட்டேன். அதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பக்கத்துல உக்காந்து அழுங்க. அது போதும், நான் எங்கயும் போகலை."

"சரி" என்றார் அவர், வாக்கிடாக்கியில் சொல்வதுபோல.

அவளுக்குத் தெரியாதது இது. அவர் அழாத நாள் அபூர்வம். மதியம் வேலை நின்று, கீழே எல்லோரும் டப்பாவைத் திறக்கும் நேரத்தில், அவர் கேபினில் குனிந்து நெற்றியை முழங்காலில் வைத்துக்கொள்வார். தெருவைவிட நல்ல வெளி. யாரும் ஏறி வர முடியாது.

அவருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. வாக்கிடாக்கி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. குனிந்தால் அது நெஞ்சுக்கும் தொடைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் இருக்கும் பேசும் பொத்தான் அமுங்கும். சைட்டில் இருந்த மற்ற பதினான்கு வாக்கிடாக்கிகளிலும் அவருடைய அழுகை கேட்கும்.

முதல் நாள் எல்லோரும் பூனை என்று நினைத்தார்கள்.

"மேல பூனை ஏறிடுச்சுடா."

"ஏணியில பூனையா? சம்பளம் யாரு கொடுக்கிறது அதுக்கு?"

சிரிப்பு ஓயும்போது பூனை மூக்கை உறிஞ்சியது. யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் பேச்சு அதைச் சுற்றியே ஓடியது. வெல்டர்தான் ஆரம்பித்தார். "நான் கடைசியா அழுதது கண்ணாடி போடாம வெல்டிங் வச்சப்ப. மூணு நாள் கொட்டிச்சு."

"அது கண்ணு அழுதது. நீ எப்ப அழுத?" என்றார் பூச்சுக்காரர்.

"நான் எதுக்கு அழறேன்? எனக்கென்ன, கல்யாணம் ஆயிடுச்சா?"

"எங்கப்பா செத்தப்ப நான் அழுதேன்பா. எல்லாரும் பாத்தாங்க, வெக்கமாப் போச்சு. குளிக்கிற ரூமுக்குள்ள போய் மிச்சத்தை முடிச்சேன்" என்றார் பூச்சுக்காரர்.

டீ போடும் அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே, "நான் வாரா வாரம் அழுவேன். துணி துவைக்கிற அன்னிக்கு. அழுதாத்தான் அழுக்குப் போகும்" என்றாள். "உங்க ஆளுங்களுக்குத்தான் வருஷத்துக்கு ஒரு சொட்டு. அதையும் ஒளிச்சு வச்சுக் குடிப்பீங்க."

சிக்னல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "இங்க பாருங்கப்பா. நாம கேட்டோம்னு தெரிஞ்சா நாளையிலேர்ந்து அந்த மனுஷன் அங்கயும் அழமாட்டாரு. நமக்கு எதுக்கு? சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் வாக்கிடாக்கியை அமத்தி வச்சிடுவோம். அவரு பாட்டுக்கு அழுதுட்டுப் போறாரு."

அப்படியே செய்தார்கள். மதிய மணி அடித்ததும் பதினான்கு பேரும் வாக்கிடாக்கியை அணைப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி போடுவார்கள். யாரும் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. முரடர்கள் என்று பெயர் எடுத்த ஒரு கூட்டம் பல மாதம் ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்தது. கேபினுக்கு மட்டும் அந்த ரகசியம் போய்ச் சேரவில்லை.

மாசக் கடைசிக்கு முந்தின வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. பூச்சுக்காரர் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று ஏழாவது மாடியில் நின்றுவிட்டார். சாமான் ஏற்றும் லிஃப்டிலிருந்து சிமென்ட் மூட்டையை இழுக்கும்போது கூண்டுக் கதவு இறங்கி வலது கையைப் பிடித்துக்கொண்டது. அணைத்து வைத்திருந்த தன் வாக்கிடாக்கியை இடது கையால் போட்டார். கத்துவதற்குப் பொத்தானை அமுக்கினார். லைன் கிடைக்கவில்லை. அதில் ஒருவர் அழுதுகொண்டிருந்தார்.

கிடைத்திருந்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. லிஃப்ட்காரர் உட்பட எல்லோரும் அணைத்துவிட்டிருந்தார்கள். அவர் வெறும் வாயால் கத்தியது, சாப்பாடு முடிந்து பேச்சு அடங்கிய பிறகுதான் யாரோ ஒருவர் காதில் விழுந்தது. இரண்டு விரல் போயிற்று.

சைட் ஆபீசாக இருந்த தகரப் பெட்டியில் விசாரணை நடந்தது. சேஃப்டி ஆபீசர் கெட்டவர் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் சிக்னல்காரரும் மேலண்ணனும் நின்றார்கள். எல்லோரும் ஏன் அணைத்து வைத்திருந்தார்கள் என்று அவர் மூன்றாவது தடவையாகக் கேட்டபோது சிக்னல்காரர் உடைந்து சொல்லிவிட்டார்.

மேலண்ணன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"ஏழெட்டு மாசமாண்ணே."

"எல்லாருமா?"

"கேக்கலைண்ணே. அமத்தி வச்சிடுவோம். சத்தியமா."

மேலண்ணன் கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். வாக்கிடாக்கியை எடுத்து, ஏதோ அடுத்தவர் பொருளைத் திருப்பித் தருவதுபோல மேசையில் வைத்தார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று. "அவன் பூசுற கரண்டிய எந்தக் கையில பிடிப்பான்?"

"வலது கைதாண்ணே."

சேஃப்டி ஆபீசர் பேப்பரைப் பார்த்தபடி, "அண்ணே, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா ரெண்டு டன் தொங்குது. கீழ நிக்கிறவன் நாளைக்கு என்னை வந்து கேப்பான், அழுற ஆளை எப்படி சார் மேல ஏத்துறீங்கன்னு. நான் என்ன சொல்றது?" என்றார்.

"சரி" என்றார் மேலண்ணன்.

அன்று சாயங்காலம் சிக்னல்காரர் அவர் கூடவே வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் மேலண்ணன், "வேணாம்டா, நீ போ" என்றுதான் சொன்னார். சிக்னல்காரர் கேட்கவில்லை. அண்ணி மூட்டை கட்டும் சங்கதி அவருக்குத் தெரியும். அவர் கையில் அன்றைக்கு மிஞ்சியிருந்த ஒரே நல்ல சேதி இதுதான்.

"அண்ணி, அண்ணன் அழுவாரு. தினமும். மதியத்துல, மேல."

அவள் காலர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "நீ பாத்தியா?"

"கேட்டேன். முதல் நாளு நாங்க எல்லாரும் கேட்டோம்."

"எப்படி அழுவாரு?"

சிக்னல்காரர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "சின்னப் பையன் மாதிரி அண்ணி. சிட்டு, சிட்டுன்னு கூப்பிட்டுக்கிட்டே."

அவள் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வயசு வரைக்கும் அவனுக்கு அந்தப் பேரு. அப்புறம் அப்படிக் கூப்பிடாதீங்கன்னுட்டான். எனக்கே மறந்துபோச்சு." கணவனைப் பார்த்தாள். "பதினாலு பேருக்குக் கேட்டிருக்கு. என் ஒருத்திக்குத்தான் கேக்கலை."

அவள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க. இங்க உக்காருங்க. இப்ப அழுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சிக்னல்காரர் சத்தமில்லாமல் வெளியே வந்து செருப்பைத் தேடினார்.

மேலண்ணன் உட்கார்ந்தார். அவளுடைய தோள் அவர் தோளில் பட்டது. எதிர்ச் சுவரில் சார்ஜரின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகம் கோணியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. அவள் அவர் கையைப் பிடித்தாள். அந்த நொடியில் கால் எழுந்துகொண்டது. அவர் எழுந்திருக்கவில்லை, கால்தான் எழுந்தது. கை அவள் பிடியிலிருந்து கழன்றது. கதவு திறந்தது.

ஒரு செருப்போடு நின்ற சிக்னல்காரர் பார்த்தார். படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, சுவரைப் பார்த்து நின்றபடி அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். உள்ளே போங்கண்ணே என்று சொல்லவேண்டும் என்று சிக்னல்காரருக்குத் தோன்றியது. மற்ற செருப்பையும் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் உள்ளே போனபோது அவள் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டீங்களா?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் அதுவரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டாள்.

கிரேனுக்குப் புது ஆபரேட்டர் வந்தாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து மேலண்ணனுக்குக் கம்பி வெட்டும் கொட்டகையில் வேலை. அங்கே மதியம் ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.