மடங்காத முழங்கால்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஆம்பூரில் ஷூ தைக்கப் போனவள் நான். எதைப் பார்த்தாலும் முதலில் அது எப்படி உடையும் என்றுதான் எனக்குத் தோன்றும். தினமும் வேலூருக்கு வேலைக்குப் போய்வரும் என் இன்ஜினியர் மகள் ஒரு பழைய இத்தாலி வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தியபோதும், வண்டியை விட்டுவிட்டு அவள் கால்களைத்தான் பார்த்தேன். ஐந்நூறு சிசி. இன்ஜின், குழாய், கம்பிச் சட்டம் எல்லாம் வெளியே தெரிந்தன. மூடி மறைக்க ஒரு தகடு கிடையாது. நேக்கட் பைக் என்றால் அப்படித்தானாம். தோல் உரித்த பிறகு எது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊர்க்காரிக்கு அது ஆறுதலான பேச்சாக இல்லை.

இத்தாலி என்றதில் மட்டும் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரு தையல் தப்பினாலும் எங்கள் ஷூவைப் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவர்கள் அந்த நாட்டுக்காரர்கள். கம்பெனி இப்போது சீனாக்காரர்கள் கையில் இருக்கிறது என்று சொல்லி அதையும் மகளே கெடுத்தாள். பிறகு சமாதானமாக, முன் மட்கார்டில் நின்ற சின்னச் சிங்கத்தைத் துடைத்துக்கொண்டே கம்பெனியின் கதையைச் சொன்னாள். ஆரம்பித்து நூறு வருஷத்துக்கும் மேலாகிறதாம்.

"உன்ன மாதிரி புருஷன் இல்லாத ஒரு அம்மாதாம்மா ஆரம்பிச்சது. ஆறு பசங்க. பொழைக்கட்டும்னு பட்டறை வச்சுக் குடுத்துச்சு. மொதல்ல ரிப்பேர், அப்பறம் சொந்தமா வண்டி."

"ஆறு பேரும் நல்லாத்தான இருந்தாங்க?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "கடைசிப் பையன் ரேஸ்ல பெரிய ஆளும்மா."

"நான் இன்னா கேட்டேன், நீ இன்னா சொல்ற?"

"ரோட்ல வண்டி ஓட்டும்போது போய்ட்டான்," என்றாள் சின்னக் குரலில்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கம்மி. மிஷினில் உட்கார்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பக்கத்து மிஷின்காரி என்னவென்று கேட்டு, லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சேர்ந்து என் மகளுக்கு முழங்கால் கவசம் செய்வதென்று முடிவாயிற்று. கடையில் விற்கிறதுதான். ஆனால் நாள் முழுக்கத் தோலோடு கிடக்கிற நாங்கள் போய்க் கடையில் வாங்குவதா? சூப்பர்வைசரைக் கேட்டு, கழிவில் போக இருந்த கெட்டித் தோல் துண்டுகளை வாங்கினோம். ஷூவின் அடிப்பாகத்துக்கு வைக்கிற தோல் அது. ஊறவைத்து எதன்மேல் இழுத்துக் கட்டினாலும், காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே பலகை மாதிரி நின்றுவிடும்.

மகளுக்குத் தெரியக் கூடாது என்பதால் என் முழங்காலில்தான் வடிவம் எடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஃபேனுக்கு நேரே விறைப்பாக நின்றேன். "அசையாதக்கா, நீ இப்ப லாஸ்ட்டு," என்று பக்கத்து மிஷின்காரி என் காலைத் தட்டினாள். ஷூ தோலை இழுத்து மாட்டுகிற கால் வடிவக் கட்டைக்கு எங்களிடம் அதுதான் பெயர். வருஷக்கணக்காக அந்தக் கட்டைக்கே தைத்துத் தைத்து, முழங்கால் மடங்கும் என்பது ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கவசங்களை மகளிடம் கொடுத்தேன். கட்டிப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அவிழ்க்காமலே சாவியை எடுத்தாள். விறைத்த கால்களோடு ஏறி முதல் கியரிலேயே தெருமுனை வரை ஊர்ந்தாள். அங்கே ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. கைப்பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ஆனால் ஊன்ற வேண்டிய கால் எங்கேயோ நீட்டிக்கொண்டிருந்தது. வண்டியோடு அப்படியே சாய்ந்தாள்.

நான் ஓடினேன். டீக்கடை ஆட்களும் ஓடி வந்தார்கள். அவள் எல்லோரையும் கைகாட்டி நிறுத்திவிட்டு, கவசங்களை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள். பிறகு சீட்டுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, கால்களால் உந்தி, அவ்வளவு பெரிய வண்டியைத் தனியாக நிமிர்த்தினாள். முழங்காலில் ஒரு கீறல் இல்லை. உள்ளங்கைதான் சிராய்த்திருந்தது.

"வேணாம்டீ. வித்துடு."

"நான் விழுந்தது வண்டியால இல்லம்மா." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "பஸ்ஸ வுட்டுடாத, நீ கெளம்பு."

கை கழுவி, வண்டியை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் போவேன் என்றாள். நான் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். வேலூர் ரோட்டில் பஸ் வேகமெடுத்த பிறகு, பின்னாலிருந்து கனத்த சத்தம் ஒன்று நெருங்கியது. பெண்கள் எல்லோரும் வலது பக்க ஜன்னலுக்குச் சாய்ந்தார்கள். என் மகள்தான். பக்கத்து மிஷின்காரி கையை வெளியே விட்டு ஆட்டினாள், யாரோ விசிலடித்தார்கள். நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாதே, ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

அவள் திரும்பவில்லை. ஹெல்மெட் நேரே ரோட்டைப் பார்த்தபடி எங்களைத் தாண்டிப் போயிற்று.

"இன்னாக்கா உம் பொண்ணு, பெத்தவளக் கூடப் பாக்காம போவுது," என்றாள் பக்கத்து மிஷின்காரி.

"வேலூர் வரைக்கும் அப்படியே போவட்டும்," என்றேன்.