ரப்பரின் மேல் நின்ற இரும்பு வீடு

லிஃப்ட் பழுதுபார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த அவரை உடன் பணியாற்றியவர்கள் 'புறங்கை' என்றே அழைத்தனர். எந்த இரும்பையும் பற்றுமுன் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் மடங்கும். உள்ளங்கை பற்றியதை விடாது, புறங்கையோ தானே விலகிவிடும். வீட்டுக் கேட்டையும் அவர் அப்படியே திறந்தார்.

"கேட்டுக்கு ஜுரமா?" என்று ஓய்வுபெற்ற ஆசிரியையான மனைவி கேலி செய்வார்.

ஊர் சுற்றுவதற்காக, காரில் பூட்டி இழுக்கும் பழைய டிரெய்லர் வீடொன்றை இருவரும் வாங்கினர். அவர் கூரையில் சோலார் தகடுகளைப் பதித்தார். கட்டிலுக்கடியில் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் வைத்து, இன்வெர்ட்டருக்காக வெளியே தரையில் எர்த் கம்பி அடித்தார். பிறகு, கையிலிருந்த, எர்த் இல்லாத இரண்டு கம்பி வயர் ஒன்றை இன்வெர்ட்டரிலிருந்து ஜன்னல் வழியே வெளியே விட்டு, டிரெய்லர் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் பின்புற சாக்கெட்டில் செருகினார். உள்ளே ஃபேன் சுழலும் ஓசை கேட்டது.

மழை விட்டிருந்தது, தரையெங்கும் சேறு. வாசலுக்கு வந்தவர் பழக்கம் மாறாமல் படியின் கைப்பிடிக் கம்பியைப் புறங்கையால் தொட்டார்.

சுரீரென்றது.

"ஃபேன் ஜோரா சுத்துது! டீ போட்டாச்சு, இந்தாங்க." டம்ளரோடு வெறுங்காலில் வாசலுக்கு வந்த மனைவி மறுகையைக் கம்பிக்கு நீட்டினார்.

"தொடாத!"

"மறுபடியும் ஜுரமா?"

"கீழ கால வைக்காத. சொன்னா கேளு."

"டீ ஆறுது. நவுருங்க."

வீட்டின் இரும்பு உடல் முழுவதிலும் மின்சாரம் ஏறியிருந்தது. உள்ளே இருக்கும்வரை மனைவி மின்கம்பியில் அமர்ந்த குருவி. கை கம்பியிலும் கால் சேற்றிலும் ஒருங்கே பட்டால் முடிந்தது. இன்வெர்ட்டரைத் தொடச் சொல்லவும் முடியாது, அதன் எர்த் மண்ணில் இருந்தது. பிளக்கோ மறுபுறம் இருந்தது. அதைப் பிடுங்க வேண்டுமானால் மனைவியைப் பார்வையிலிருந்து விட்டாக வேண்டும்.

"உன்னைக் கும்பிடுறேம்மா. உள்ள போய்க் கட்டில்ல ஏறி உக்காரு."

அத்தகைய குரலை அம்மையார் அவரிடம் கேட்டதேயில்லை. டம்ளரோடு உள்ளே திரும்பினார்.

"பேசிக்கிட்டே இரு! எனக்குக் கேக்கணும்!"

"என்னத்தப் பேச?"

"வாய்ப்பாடு சொல்லு!"

"ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு..."

ஓட முடியவில்லை, சேறு வழுக்கியது. சுவரைத் தொடாமல், கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு சுற்றி நடந்தார். பிளக்கின் பிளாஸ்டிக்கைப் பற்றி இழுத்தார். அதே கணத்தில் வாய்ப்பாடு நின்றது.

"ஏன் நிறுத்திட்ட? ஏய்!"

சேற்றில் வழுக்கியபடி வாசலுக்கு விரைந்தார்.

"ஃபேன் நின்னுபோச்சுங்க," என்றது உள்ளிருந்து வந்த குரல்.

கோளாறு பிறகே விளங்கியது. வீட்டை முன்பு வைத்திருந்தவர் உள்வயர் ஒன்றை இரும்புச் சட்டத்தோடு முறுக்கியிருந்தார். இவர் தந்த மின்சாரம் அதன் வழியே உடலில் ஏறியது. லிஃப்ட் பெட்டி இரும்புக் கயிற்றில் தொங்குவது, தண்டவாளத்தில் உரசுவது. அதன் உடலுக்குத் தனியே எர்த் தேட வேண்டியதில்லை என்றே அவர் பழகியிருந்தார். இந்த வீடு நின்றதோ ரப்பர் சக்கரங்களின் மேல். எர்த்தோடு கூடிய மூன்று கம்பி வயராயிருந்தால் பியூஸ் போய்க் காட்டிக்கொடுத்திருக்கும்.

முறுக்கை அவிழ்த்து, புது வயர் இழுத்து, உடலுக்கும் எர்த் கொடுத்து, மீட்டரிலும் புறங்கையிலும் சோதித்தார். அப்போதும் வாசலை மறித்தே நின்றார்.

மனைவி வாசலில் நின்று அவரைப் பார்த்தார். பிறகு தம் கையைத் திருப்பி, புறங்கையால் கம்பியைத் தொட்டார்.

"ஜுரம் இல்லைங்க," என்று சொல்லி இறங்கினார்.