சாய்ந்து நிற்பவரின் மேசை

என் வீட்டுக்காரருக்கு நேராக நிற்கத் தெரியாது. கதவு, ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் என்று எது கிடைத்தாலும் சாய்ந்துகொள்வார். தொப்பை வந்த பிறகு முன்பக்கமாகவும் சாயத் தொடங்கிவிட்டார்.

அவருடைய வேலை, பொடிப் பொடிப் பாகங்களை ஓர் அதிரும் தட்டில் கொட்டி, அவை தாமாகப் பிரிந்து, சரியான பக்கம் திரும்பிப் படுக்கும்படி செய்வது. மேலே ஒரு கேமரா பார்க்கும். ரோபோ கை ஒவ்வொன்றாகப் பொறுக்கும். அதிர்வு கொஞ்சம் கூடினால் எல்லாம் துள்ளிச் சிதறும். குறைந்தால் அசையவே அசையாது. அந்த நடுவைப் பிடிப்பதில் மனிதர் கெட்டிக்காரர். வீட்டில் ஒரு சாக்ஸை ஜோடி சேர்க்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒரு முறை வெளியூரில், காது கேட்கும் கருவி செய்யும் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டார். மறுநாள் காலை எனக்கு டிரைவிங் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். இந்தத் தடவை கூடவே வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அவர் வந்தே ஆகவேண்டும். ஆனால் மெஷின் தடங்கலில்லாமல் ஓடிக் காட்டினால்தான் அவரை விடுவார்கள்.

சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் நல்லா ஓடுது. பையை எடுக்கப் போனா எல்லாம் ஒரே மூலைல போய் குவிஞ்சிடுது. தலையப் பிச்சுக்கலாம் போல இருக்கு.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பார்த்தால், அங்கேயும் மேசை விளிம்பில் தொப்பையைச் சாத்திக்கொண்டு நிற்கிறார்!

“முதல்ல அந்தத் தொப்பைய மேசைல இருந்து எடுங்க. போன இடத்துலயும் இப்படியா நிப்பீங்க?”

விலகினார். பின்னால் தட்டில் சலசலப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தார். மறுபடி சாய்ந்தார், விலகினார்.

“அடிப்பாவி!” என்றார். அவ்வளவு ஆசையாக அவர் என்னைக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

மேசையின் ஒரு கால் தரையில் சரியாகப் பதியவில்லை. அவருடைய எடைதான் அதை அழுத்திப் பிடித்திருந்தது. சாய்ந்தபடியே அதிர்வையும் அமைத்து முடித்திருக்கிறார். அந்தக் காலைத் தரையோடு முடுக்கி, அதிர்வை மறுபடி அமைத்து, தள்ளி நின்று ஓட்டிக் காட்டிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

காலையில் டெஸ்ட் மைதானத்துக்குக் கசங்கிய சட்டையோடு வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் தைரியமாகப் போய் வண்டியில் ஏறினேன். பாஸாகிவிட்டேன்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார் என்று, திட்டுவதற்குத் தயாராக இருந்தேன். முதல் திருப்பம் வருவதற்குள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. சிக்னல் வரும்வரை துடைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.